மஞ்சக்குப்பத்து வீடு: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய நாள் ஓர் ஆய்வு

2025 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு போன் வந்தது. "சார், வீடு ஒண்ணு பாத்திருக்கோம், எல்லாருக்கும் பிடிச்சிடுச்சு. ஞாயித்துக்கிழமை அட்வான்ஸ். அதுக்குள்ள நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டு, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும்."

கடலூரில் கட்டடப் பொறியாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். வீடு வாங்குபவர்களுக்காக ஆய்வு செய்து கொடுப்பது அதில் ஒரு பகுதி. அழைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இந்த ஒரு வார்த்தையைத்தான். அதை என்னால் தர முடியாது. வேறு என்ன தர முடியும், எதைத் தர முடியாது என்பதை இந்த ஒரு வீட்டை வைத்தே எழுதுகிறேன். வாங்கியவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்; பெயரும் தெருவும் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

கீழ்த்தளம் 1998-ல் கட்டியது, 1,150 சதுர அடி. மேலே 600 சதுர அடி 2009-ல் எடுத்தது. மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் போகும் பக்கம்; கடல் ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். கேட்ட விலை 68 லட்சம். வாங்குபவர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர், மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. விற்பவர் ஓய்வு பெற்ற பெரியவர். மனைவி இறந்த பிறகு பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறார்.

போனிலேயே வாங்குபவர் இன்னொன்றும் சொன்னார். "பேங்க் இன்ஜினியர் வந்து பாத்துட்டாரு சார். அவரே ஓகே பண்ணிட்டாரு."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்ப்பது வேறு. கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா, நாளைக்குக் கடன் நின்றுபோனால் விற்று எடுக்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. நீள அகலம் அளப்பார், பிளானோடு ஒத்துப் பார்ப்பார், நான்கு போட்டோ எடுப்பார், போய்விடுவார். சீலிங்கைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலையில் சேராது. வக்கீல் வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பார்த்துக் கருத்து எழுதித் தருவார். அதுவும் கட்டடத்தைப் பற்றியது இல்லை. ஆக, 68 லட்சம் கொடுத்து வாங்கும் பொருளை, அந்தப் பொருளுக்காகவே பார்த்தவர் அதுவரை ஒருவரும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவரிடம் சொன்னேன். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே வரியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் வாங்குபவருக்கே தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. சுவரில் இருந்த விரிசலை நீங்கள் பார்க்காமல் விட்டால் அது உங்கள் பொறுப்பு. ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவான புதுக் குடியிருப்பு என்றால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் வரும் கட்டமைப்புக் குறையை கட்டியவரே, செலவில்லாமல், 30 நாளில் சரி செய்து தர வேண்டும். ஒரு தனி ஆளிடமிருந்து பழைய வீடு வாங்கும்போது அப்படிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

சரி, சனிக்கிழமை காலை ஏழரைக்கு வருகிறேன் என்றேன். இருவரும் கூடவே இருக்க வேண்டும், குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும், எல்லா அறையும் திறந்திருக்க வேண்டும், மோட்டாரும் கரண்டும் ஓட வேண்டும், மொட்டை மாடிக்கு ஏற வழி வேண்டும் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "நாங்க எதுக்கு சார்? நீங்க பாத்தா போதாதா?" போதாது. ரிப்போர்ட்டில் 'சன்ஷேடில் கம்பி அரிப்பு' என்று நான் எழுதுவதைப் படிப்பதும், அந்தச் சன்ஷேடுக்குக் கீழே நின்று தட்டும் சத்தத்தைக் காதால் கேட்பதும் ஒன்றாகாது.

வெளியே

வீட்டுக்குள் போவதற்கு முன் தெருவில் நின்றேன். சாலைக்கும் வீட்டுத் தரைக்கும் 9 அங்குலம்தான் வித்தியாசம். 1998-ல் மூன்று படி ஏறிப் போன வீடாம், விற்பவரே சொன்னார். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் இரண்டு படி மண்ணுக்குள் போய்விட்டது. நம் ஊரில் இது பல தெருக்களின் கதை.

அடுத்ததாகத் தேடியது தண்ணீர் நின்ற கோடு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரைச் சுற்றி என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறேன். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட். விற்பவர் சொன்னார்: "பொங்கலுக்கு அடிச்சது தம்பி." பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது வழக்கம்தான், அதில் தப்பு இல்லை. ஆனால் பெயிண்ட் யாரும் அடிக்காத இடம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. இந்த வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரி. பழைய பேப்பர் கட்டையெல்லாம் எடுத்துவிட்டு டார்ச் அடித்தால், பூசாத சுவரில் மெல்லிய பழுப்புக் கோடு. டேப் பிடித்தேன்: தரையிலிருந்து 7 அங்குலம்.

பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்டேன். "ஃபெஞ்சலுக்கு ரோட்டுல முழங்கால் தண்ணி தம்பி. எங்க வீட்டுக்குள்ள வந்துச்சு, அவங்க வீட்டுலயும் ஒரு நாள் நின்னுச்சு. தானேவுக்குக் காத்துதான், தண்ணி இல்ல." தானே 2011 டிசம்பர் 30-ல் அடித்த புயல். பதின்மூன்று வருடத்துக் கதை இரண்டு நிமிடத்தில் கிடைத்தது. எந்தக் கருவியும் இதைச் சொல்லாது. வீடு வாங்குகிறவர்கள் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்க ஏன் கூச்சப்படுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உப்பு

இந்த வீட்டின் முக்கியமான விஷயம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடலோரத்தில் வீடு வாங்குகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

போர்ட்டிகோவின் அடிப்பக்கம் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. புதிதாகப் பட்டி பார்த்து, வெள்ளை அடித்து, நடுவில் ஒரு எல்.இ.டி. பல்பு. என்னிடம் இருப்பது 200 கிராம் சுத்தியல் ஒன்று, நீளமான பிடியோடு. சுவரோரம் தட்டினேன்: 'ணங்' என்று கெட்டியாகச் சத்தம் வந்தது. முன்பக்கத்து பீம் பக்கம் வர வர அது 'டொப், டொப்' என்று மாறியது. ஆசிரியை அம்மா நிமிர்ந்து பார்த்தார். "சார், சத்தம் மாறுது." சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்தேன். பொள்ளலாகக் கேட்ட இடத்தையெல்லாம் அவரே சாக்பீஸால் வட்டம் போட்டார். முடித்தபோது பீமில் பாதி நீளத்துக்கு வட்டங்கள்.

பின்பக்கத்து சன்ஷேடில் பட்டி பார்க்க ஆள் போகவில்லை போலிருக்கிறது. அங்கே கான்கிரீட் ஏற்கெனவே பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிந்தது. கம்பி என்று சொல்வதைவிட, பழுப்பு அப்பளம் அடுக்கினாற்போல உரிந்து நின்ற துரு என்று சொல்லலாம். ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல இரும்பு தெரிந்ததும் வெர்னியர் வைத்து அளந்தோம். போட்டது 10 மில்லிமீட்டர் கம்பி. மிச்சம் இருந்தது 8. "ரெண்டு மில்லிதானே சார்?" என்றார் கணவர். விட்டத்தில் இரண்டுதான். ஆனால் பாரம் தாங்குவது கம்பியின் வெட்டுப் பரப்பு. அதில் 36 சதவீதம் போய்விட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

ஏன் இப்படி ஆகிறது? நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். அதைக் கெடுக்க இரண்டு எதிரிகள். ஒன்று காற்றில் இருக்கும் கரியமில வாயு. வருடக்கணக்கில் மெதுவாக உள்ளே போய்க் காரத்தைக் குறைக்கும். இன்னொன்று உப்பு, அதாவது குளோரைடு. அது படலத்தை நேராகவே துளைக்கும். ஒரு முறை துரு ஆரம்பித்துவிட்டால், அந்தத் துரு இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளிருந்து பிதுக்கிக் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். முதலில் பொள்ளல் சத்தம், பிறகு கம்பியின் போக்கிலேயே நீளமான விரிசல், கடைசியில் பெயர்ந்து விழுதல்.

இரண்டு எதிரிகளையும் தடுப்பது கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட்டின் கனம். வேலைக்காரர்கள் இதைக் 'கவர்' என்பார்கள். ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி 2000-ல் வந்த பதிப்பில், கடலோரக் காற்றுக்கு வெளிப்படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவரும், கான்கிரீட்டின் பலத்தில் எம்-30 தரமும் கேட்கிறது. இந்த வீட்டின் கீழ்த்தளம் அதற்கு முன்பே கட்டியது. கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டரை வைத்துப் பார்த்ததில் போர்ட்டிகோ பீமில் 12 முதல் 18 மில்லிமீட்டர். கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல், கம்பிக்கு அடியில் ஜல்லிக் கல்லைச் சொருகிக் கான்கிரீட் போட்ட காலம் அது. பல இடங்களில் இன்னும் அப்படித்தான் போடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒரு வீட்டுக்கு ஆகிற கவர் பிளாக் செலவு, அந்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தல் செலவைவிடக் குறைவு.

பெயர்ந்த சன்ஷேடின் விளிம்பில், அப்போதுதான் உடைத்த புது முகத்தில், ஃபினால்ஃப்தலீன் தெளித்தேன். பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். காரம் இருந்தால் ரோஜா நிறம் வரும். வெளிப்பக்கம் 22 மில்லிமீட்டர் ஆழம் வரை நிறமே வரவில்லை. அதற்கு உள்ளே பளிச்சென்று வந்தது. கம்பி இருந்தது 15 மில்லிமீட்டரில். அதாவது காப்பு இழந்த பகுதிக்குள்ளேயே.

உப்பு எவ்வளவு என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு டிரில் போட்டுப் பொடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விற்பவர் சம்மதம் இல்லாமல் ஒரு துளைகூடப் போடக் கூடாது. பெரியவர் யோசித்தார், பிறகு, "போடு தம்பி. நான் கட்டின வீடு, எனக்கும் தெரியணும்" என்றார். போர்ட்டிகோவில் ஒன்று, ஹாலில் ஒன்று எடுத்தோம். ஐந்து நாளில் வந்த முடிவு: போர்ட்டிகோவில் கன மீட்டருக்கு 1.4 கிலோ குளோரைடு, ஹாலில் 0.5. கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும்போது 0.6-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 வைத்த வரம்பு. ஹாலில் குறைவாக இருந்தது பெரிய நிம்மதி. கட்டும்போதே உப்புத் தண்ணீரோ கடல் மணலோ கலந்திருந்தால் வீடு முழுக்க ஒரே அளவு காட்டியிருக்கும். இது கடல் காற்று வெளியிலிருந்து கொண்டு வந்து சேர்த்த உப்பு, வெளிப்பக்க உறுப்புகளோடு நின்றிருக்கிறது. வாங்கலாமா என்ற கேள்விக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் கடைசியில் பதிலாக அமைந்தது.

கான்கிரீட்டில் அடித்து அதன் துள்ளலை அளக்கும் ரீபவுண்ட் ஹாமர் என்ற கருவியாலும் பார்த்தேன். அது காட்டும் எண்ணை மட்டும் வைத்து 'கான்கிரீட் இவ்வளவு பலம்' என்று எழுதித் தருபவர்களை நம்ப வேண்டாம். அதில் முன்னே பின்னே 25 சதவீதம் பிழை வரும். ஒரு வீட்டின் ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் ஒப்பிட மட்டும் அது உதவும்.

உள்ளே

ஹாலில் சுவரைச் சுற்றி மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ். அழகுக்கு ஒட்டியது என்று யாரும் நினைக்கலாம். டைல்ஸ் முடியும் கோட்டுக்கு மேலே கையால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டியது. ஓதம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை டைல்ஸ் நிறுத்தாது; மூடி வைத்து இன்னும் மேலே ஏற்றிவிடும். ஈரமானி டைல்ஸுக்கு மேல் அரையடி வரை ஈரம் காட்டியது, அதற்கு மேல் காய்ந்திருந்தது. மூன்று மாதத்துக்கு முன் வெள்ளம் நின்ற ஈரமும் இதில் கலந்திருக்கும், ஆகையால் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று பிரித்துச் சொல்லவில்லை. பிரிக்க முடியாது என்று ரிப்போர்ட்டிலேயே எழுதினேன்.

பின் படுக்கையறையில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், ஒன்றரை மில்லிமீட்டர். வாங்குபவரின் அம்மாவும் அன்றைக்கு வந்திருந்தார், அதைப் பார்த்ததும் முகம் வாடிப்போனது. "வீடு இறங்குதா தம்பி?" இறங்கி நின்றுபோன பழைய விரிசலா, இப்போதும் நகர்கிறதா என்று ஒரு நாள் பார்வையில் எவராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகம்தான் சொல்கிறார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டி, தேதி எழுதி வைத்தேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். பழைய முறை, செலவு இருபது ரூபாய்.

மின்சாரம் வேகமாக முடிந்தது, நல்ல விதமாக இல்லை. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தது, 30 மில்லி ஆம்பியர்தான். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழவில்லை. மேல்தளத்தில் மூன்று முள் சாக்கெட் எல்லாவற்றிலும் எர்த் துளை வெறும் துளை, ஒயரே வரவில்லை. எர்த் பைப் மண்ணைத் தொடும் இடத்தில் அரித்து விரல் பட்டதும் உதிர்ந்தது. கடலோர மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் நன்றாகவே எடுக்கும்; அதே உப்பு பைப்பைத் தின்றும்விடும். கீசரும் வாஷிங் மெஷினும் இந்த வீட்டில் இத்தனை வருடம் ஓடியிருக்கின்றன.

மொட்டை மாடியில் தட்டோடு இடுக்குகளில் பாசி, ஒரு மூலையில் வாட்டம் திரும்பித் தண்ணீர் தேங்கிய கறை. போர்வெல் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,850 மில்லிகிராம்; குடிநீருக்கு 500-க்குள் நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை என்பது தர விதி. குளிக்கத் துவைக்க ஆகும், சமையலுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். பின்கதவு நிலையில் கரையான் மண்கோடு, பழையது, உள்ளே பூச்சி இல்லை. செப்டிக் டேங்க் மூடி திறந்தது, ஒழுங்காக இருந்தது.

பார்க்க முடியாமல் போனவை

ரிப்போர்ட் 31 பக்கம், போட்டோக்களோடு. அதில் எனக்கு முக்கியமான பக்கம் மூன்றாவது பக்கம். எதையெல்லாம் பார்க்கவில்லை என்று அங்கே எழுதியிருந்தேன். கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று தெரியாது, தோண்டவில்லை. படுக்கையறையில் சுவரோடு அடித்த மர அலமாரிக்குப் பின்னால் தெரியாது. மேல்தளத்து ஒரு அறை குடியிருப்பவரின் பூட்டோடு இருந்தது. சுவருக்குள் போகும் பைப் தெரியாது. இந்தப் பக்கம் இல்லாத ரிப்போர்ட்டை யார் கொடுத்தாலும், 'நீங்கள் பார்க்காதது என்னென்ன?' என்று கேளுங்கள்.

நம் நாட்டில் வீட்டு ஆய்வாளர் என்று தனி உரிமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஈரமானி ஒன்று வாங்கிக்கொண்டு வரலாம். அதனால் கூப்பிடுவதற்கு முன் கட்டடப் படிப்பு என்ன, எத்தனை வருடம் சைட்டில் நின்றார், பழைய ரிப்போர்ட் ஒன்று பெயரை மறைத்துக் காட்டுவாரா என்று கேட்க வேண்டும். முக்கியமாக, ரிப்பேர் வேலையையும் அவரே எடுப்பாரா என்று கேட்க வேண்டும். எடுப்பேன் என்றால் வேண்டாம். குறை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு அவருக்கு வேலை. புரோக்கர் அழைத்து வரும் ஆளும் வேண்டாம். அங்கே குறை சிறிதாகத் தெரிவதில்தான் ஆதாயம்.

நான் தவறவிட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேல்தளத்துக் குளியலறையில் வடிகாலைத் துணியால் அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தினேன். நிறுத்த முடிந்தது இரண்டு மணி நேரம். கீழே சீலிங்கில் ஈரம் இல்லை. ரிப்போர்ட்டில் 'கசிவு இல்லை' என்று எழுதிவிட்டேன். தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது என்றால் 24 மணி நேரம் நிறுத்த வேண்டும். அவர்கள் குடிபோய் இரண்டு மாதத்தில், தினமும் நான்கு பேர் குளித்ததில், கீழ் அறை சீலிங்கில் தட்டு அளவு பழுப்புக் கறை வந்தது. தரையை உடைத்துப் பார்த்தால் தரை வடிகாலில் வைக்கும் நஹானி டிராப்புக்குக் கீழே ஜாயிண்ட் விட்டிருந்தது. 38,000 ரூபாய் செலவு. அவர்கள் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் எழுதியது தப்பு. 'இரண்டு மணி நேரத்தில் கசிவு தெரியவில்லை, முழுச் சோதனை செய்யவில்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், முந்தைய நாள் காலையிலேயே தண்ணீர் நிறுத்தி வைக்கச் சொல்கிறேன்.

வாங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கவில்லை. புரோக்கர் இரண்டு முறை போன் செய்து, வேறு பார்ட்டி காத்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆய்வக முடிவு வரும் வரை நிற்கச் சொன்னது நான். அந்த ஐந்து நாள் அவர்களுக்குத் தூக்கம் இல்லை என்று பிறகு தெரிந்தது.

முடிவு வந்ததும் மூவரும் என் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். "சொல்லுங்க சார், வாங்கலாமா வேணாமா?" ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். உடனே செய்ய வேண்டியது: போர்ட்டிகோவுக்கு முட்டுக் கொடுத்து, பீமையும் நான்கு சன்ஷேடையும் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, போதிய கவரோடு மறுபடி போடுவது, 2 லட்சத்து 60 ஆயிரம். வயரிங், எர்த், 1 லட்சத்து 10 ஆயிரம். குடிபோவதற்கு முன் இவை இரண்டும் முடிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் ஓதத்துக்கு 60 ஆயிரம், மொட்டை மாடிக்கு 45 ஆயிரம். மொத்தம் 4 லட்சத்து 75 ஆயிரம். இது போக, சாலையும் வெள்ளமும். அவற்றுக்கு என்னிடம் விலை இல்லை. இந்தத் தெருவில் இன்னொரு முறை தண்ணீர் வரும், தரைத்தளத்தில் பீரோவையும் மின் சாக்கெட்டையும் உயர்த்தி வைத்துக்கொண்டு வாழ முடியுமா என்று அவர்களைத்தான் கேட்டேன்.

ஆசிரியை அம்மா அந்தத் தாளை நீண்ட நேரம் பார்த்தார். "பத்திரச் செலவுக்கு 9 பர்சென்ட், ஆறு லட்சத்துக்கு மேல எடுத்து வச்சிருக்கோம் சார். ரிப்பேருக்குன்னு ஒரு பைசா எடுத்து வைக்கலையே." முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று எல்லோரும் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். இருபத்தேழு வயதுக் கட்டடம் என்ன கேட்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர்களே பெரியவரைப் பார்த்தார்கள். நான் போகவில்லை, விலை பேசுவது ஆய்வாளர் வேலை ஆகாது. அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டு, மகனோடு பேசி, மூன்றரை லட்சம் குறைத்தார். 64 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடிந்தது. கிரைய அக்ரிமெண்டில், போர்ட்டிகோவின் நிலையை இரு தரப்பும் அறிந்தே இந்த விலை பேசப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரியைக் கேட்டது பெரியவர்தான், அது நியாயமும்கூட. ரிப்பேருக்குக் குளியலறையும் சேர்த்துக் கடைசியில் 5 லட்சத்து 30 ஆயிரம் ஆனது.

போர்ட்டிகோவைக் கொத்தும் நாளில் அந்தப் பக்கம் போயிருந்தேன். சாக்பீஸ் வட்டம் இருந்த இடத்தில் மேஸ்திரி உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டியதும், பட்டியும் பெயிண்டும் ஒட்டியபடியே முழங்கை நீளப் பாளம் ஒன்று கழன்று விழுந்தது. பின்பக்கம் முழுக்கத் துரு அச்சு, கம்பி எங்கே ஓடியது என்று வரி வரியாக. அன்றைக்குக் கீழே யாரும் இல்லை, முட்டு நின்றது.

2026 ஜனவரியில், மழைக்காலம் முடிந்த பிறகு மறுபடி போனேன். புதுச் சன்ஷேடுகளைத் தட்டிப் பார்த்தோம், எல்லாம் கெட்டி. டைல்ஸைப் பெயர்த்துவிட்டு ஹால் சுவரைச் சுண்ணாம்புப் பூச்சோடு காய விட்டிருந்தார்கள். ஓதம் ஓரடி இறங்கியிருந்தது. பின் படுக்கையறையில் இப்போது பாட்டி படுக்கிறார். ஜன்னல் மூலையில் அந்தக் கண்ணாடித் துண்டு அப்படியே இருந்தது, உடையவில்லை. நான் எழுதிய தேதி கொஞ்சம் மங்கியிருந்தது. "இத எடுத்துடலாமா தம்பி?" என்றார். இன்னும் ஒரு மழை பார்த்துவிடலாம் அம்மா என்றேன்.